மார்ச் 25 தெருவில் நான் விட்ட 16 லட்சம்

கரூரில் கிச்சன் டவல், மேசை விரிப்பு, ஏப்ரன் தைத்து அனுப்பும் சின்ன யூனிட் என்னுடையது. பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, 2018-இல் சொந்தமாக ஒரு நாட்டைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. எல்லோரும் ஜெர்மனி, அமெரிக்கா என்று ஓடுகிறார்கள், நாம் பிரேசிலுக்குப் போவோம், அங்கே போட்டி இருக்காது என்று கணக்குப் போட்டேன். போட்டி ஏன் இல்லை என்று யோசிக்கவில்லை. போன மாதம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போன் செய்து, "அண்ணா, சாவோ பாலோவில் ஒரு லெபனான்காரர் கடை, மூணு தலைமுறையாம், 90 நாள் கடன் கேட்கிறார், நம்பலாமா?" என்றான். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. இதே வாக்கியத்தைத்தான் நானும் அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

சாவோ பாலோவில் எனக்கு ஓர் ஏஜென்ட் கிடைத்திருந்தார். பெயர் வேண்டாம். துணி என்றால் மார்ச் 25 தெருதான், அங்கே எல்லாம் 'துர்கோ'க்கள், தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம், வாய்ச்சொல்லுக்கே பணம் வரும் என்றார். பிரேசிலின் முதல் அரசியல் சட்டம் 1824 மார்ச் 25-இல் வந்தது. அந்தத் தேதிதான் தெருவுக்குப் பெயர். துர்கோ என்றால் துருக்கிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நெட்டில் தேடியதில் சிரியா, லெபனான்காரர்கள் என்று வந்தது. சரி, அரபுக்காரர்கள், அப்படியானால் முஸ்லிம்கள் என்று நானே முடிவு கட்டினேன். இந்தத் தவறான முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

ஏறுவதற்கு முன் ஒன்று. பிரேசிலில் இருந்து இந்தியா திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமை முகாம்தான், ஆறு நாள் வரை. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும். டிக்கெட் போட்டுக் கொடுத்த பையன் இதைச் சொல்லவே இல்லை. தற்செயலாக ஒரு கப்பல் ஏஜென்ட் சொல்லி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

2018 மே 22 அங்கே இறங்கினேன். முந்தின நாள்தான் நாடு முழுக்க லாரி ஓட்டுநர்கள் டீசல் விலையை எதிர்த்து ஸ்டிரைக்கில் இறங்கியிருந்தார்கள். இரண்டு மூன்று நாளில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. நான் மெட்ரோவில் சாவோ பென்டோ நிலையத்தில் இறங்கி, போர்ட்டோ ஜெரால் என்ற சரிவுத் தெரு வழியாகக் கீழே நடந்தேன். அந்தப் பெயருக்குப் 'பொதுத் துறைமுகம்' என்று பொருள். அந்தக் காலத்தில் தமண்டுவாதெயி ஆறு அங்கே வளைந்து போய், படகில் சரக்கு வந்து இறங்குமாம். வெள்ளம் வரும் பள்ளம் என்பதால் வாடகை மலிவு. அதனால்தான் கையில் காசில்லாமல் வந்த சிரியா, லெபனான்காரர்கள் முதலில் அங்கே கடை போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். தீபாவளிக்கு முந்தின வாரத் தி.நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பக்கத்தில் வரும்.

முதலில் போனது ஒரு பெரியவரின் கடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். துணி பேல்களுக்கு நடுவே சின்ன மேசை. ஆங்கிலம் அவருக்கு வராது. சட்டம் படித்துக்கொண்டிருந்த பேத்தி உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். காபி வந்தது. அந்த வருஷம் மே நடுவில் ரமலான் தொடங்கியிருந்தது. ஆகவே நான் மகா மரியாதையாகக் காபியைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்கள் நோன்பு இருக்கும்போது நான் குடிப்பது சரியில்லை, ரமலான் வாழ்த்துகள்" என்றேன். பேத்தி மொழிபெயர்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் மேசை குலுங்கச் சிரித்து, தலைக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். கறுப்பு அங்கி, வெள்ளைத் தாடியோடு ஒரு துறவியின் படம். லெபனான் மாரோனைட் கிறிஸ்தவர்களின் புனிதர் ஷர்பெல். "நாங்கள் கத்தோலிக்கர். காபியைக் குடி, ஆறுகிறது" என்றார். ஏலக்காய் போட்ட காபி. குடிக்கும்போது காது வரை சூடாக இருந்தது, காபியால் அல்ல.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏஜென்ட் சொல்லிக் கொடுத்த தோரணையில், "துர்கோக்கள் நல்ல வியாபாரிகள் என்று கேள்விப்பட்டேன்" என்று வேறு சொல்லி வைத்தேன். பெரியவர் சிரிப்பு நின்றது. பேத்திதான் சமாளித்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் அவர்கள் ஊர் துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. வந்தவர்கள் கையில் துருக்கி பாஸ்போர்ட். சாண்டோஸ் துறைமுகத்தில் அதைப் பார்த்து 'துர்கோ' என்று எழுதியது அப்படியே ஒட்டிக்கொண்டது. யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்கள் பெயராலேயே கூப்பிடுவது என்றால் எப்படி இருக்கும்? இதை வைத்து அங்கே ஒரு பழைய கேலி உண்டு என்றாள்: கப்பலில் இருந்து இறங்கும்போது துர்கோ, கடை வைத்தால் சிரியாக்காரர், பணக்காரரானால் லெபனான்காரர். அவர்களே தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் நீங்களும் சொல்லக் கூடாது.

அன்று இரவு ஹோட்டலில் எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. பள்ளப்பட்டியில் இருந்து வரும் அத்தர் வியாபாரியை அவர் 'துலுக்கர்' என்றுதான் சொல்வார். அதுவும் 'துருக்கர்' என்பதன் திரிபுதான். அந்த வியாபாரியின் பரம்பரையில் ஒருவர்கூடத் துருக்கியைப் பார்த்திருக்க மாட்டார். நம் ஊரில் துருக்கிக்குச் சம்பந்தமில்லாத முஸ்லிம்களுக்கு அந்தப் பெயர்; அங்கே துருக்கியருக்குப் பயந்து ஓடிவந்த கிறிஸ்தவர்களுக்கு அதே பெயர். பாட்டி செய்த தப்பை 14,000 கிலோமீட்டர் தாண்டிப் போய் நானும் செய்திருக்கிறேன். வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன்: மதத்தை நீங்களாக ஊகிக்காதீர்கள். பழைய காலத்தில் வந்தவர்களில் மாரோனைட், மெல்கைட், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்தான் பெரும்பங்கு. பரைசோ பகுதியில் அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் பேராலயம் நிற்கிறது. முஸ்லிம்களும் உண்டு, பின்னால் வந்தவர்களில் அதிகம். அர்ஜென்டினா, பராகுவே எல்லையில் இருக்கும் ஃபோஸ் டோ இகுவாசுவில் பெரிய மசூதியே இருக்கிறது. ஒரு பெயர்ப்பலகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 'பெயர்ப்பலகை' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் நான் விழுந்தேன்.

பெரியவர் சாம்பிளைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டவலை விரிக்கவில்லை. மூலையை மட்டும் இரண்டு விரலில் தேய்த்து, ஒரு நூலை உருவி, பல்லில் கடித்து, பிறகு தண்ணீரில் நனைத்துக் கசக்கி, வெள்ளைத் தாளில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்தார். "நல்ல துணி. விலையில் 12 சதவீதம் குறை. 1,000 டஜன் எடுக்கிறேன். பாதி முன்பணம், சரக்கு ஏறியதும் மீதி" என்றார். கடன் கேட்கவே இல்லை. எனக்கோ 12 சதவீதம் பெரிதாகத் தெரிந்தது. 1,000 டஜனும் சின்னதாகத் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். தங்கத் தட்டை உதைத்துவிட்டு வந்ததைப் பெருமையாக நினைத்த ஆள் நான்.

இரண்டு நாள் கழித்து ஏஜென்ட் இன்னொரு கடைக்குக் கூட்டிப் போனார். முகப்பில் அரபுக் குடும்பப் பெயர், அதன் கீழே '1931 முதல்'. உள்ளே கண்ணாடி, ஏசி, சீருடை போட்ட பெண்கள். முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும், நன்றாக ஆங்கிலம் பேசினார். மதியம் எஸ்ஃபிஹாவும் (கறி வைத்துச் சுட்ட சின்ன ரொட்டி) கீபேயும் வரவழைத்தார். கீபே என்பது கறியும் உடைத்த கோதுமையும் சேர்த்துப் பொரித்த உருண்டை; நம் கோலா உருண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. எலுமிச்சை பிழிந்து எனக்கே இரண்டு தடவை வைத்தார். இது உங்கள் தாத்தா ஊர்ச் சாப்பாடா என்று கேட்டேன். "நம்ம சாப்பாடுதான்" என்று சிரித்தார். அந்த ஊரில் எல்லோருமே கீபேயை 'நம்ம சாப்பாடு' என்றுதான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாடு முழுக்க எஸ்ஃபிஹா விற்கும் ஹபீப்ஸ் சங்கிலிக் கடைகளை 1988-இல் தொடங்கியவரே போர்ச்சுகலில் பிறந்தவர். கீபே வாங்கிக் கொடுத்தார் என்பதற்காக ஒருவர் லெபனான்காரர் ஆகிவிட மாட்டார். இட்லி போட்டால் எல்லோரும் மதுரைக்காரரா?

பேச்சின் நடுவே அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே காசோலைக் கட்டுகள், மாத வாரியாக கிளிப் போட்டு, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று. பின் தேதியிட்ட காசோலை வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுப்பது அங்கே தலைமுறை வழக்கம். அதைக் காட்டி, "பார், எனக்கு வர வேண்டிய பணமே இவ்வளவு. உனக்கு 90 நாளில் வந்துவிடும்" என்றார். எனக்கு அது சொத்தாகத் தெரிந்தது. இன்றைக்கு யோசித்தால், வசூலாகாத காசோலை நிறைந்த இழுப்பறையைக் காட்டுகிறவரிடம் கையில் காசு இல்லை என்றுதான் பொருள். 28,400 டாலருக்கு ஆர்டர். டி.ஏ. 90 நாள். ஏஜென்ட் 3 சதவீதக் கமிஷனை ஆர்டர் கையெழுத்தானதும் கேட்டார், கொடுத்தேன். கமிஷன் என்பது பணம் நம் வங்கிக்கு வந்த பிறகு கொடுக்க வேண்டியது. முன்னாலேயே வாங்கிவிட்டவருக்கு நம் பணம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

டி.ஏ. தெரியாதவர்களுக்கு: வாங்குகிறவர் பில்லில் 'ஏற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் வங்கி கப்பல் ஆவணங்களை அவரிடம் கொடுத்துவிடும். அவர் சரக்கை எடுத்து விற்றுக்கொள்ளலாம். பணம் தவணைத் தேதியில், அவர் மனது வைத்தால். டி.பி. என்றால் பணம் கட்டினால்தான் ஆவணம். அதிலும் வில்லங்கம் உண்டு: அவர் கட்டாவிட்டால் சரக்கு சாண்டோஸில் கிடக்கும், வாடகை ஏறும், இறங்கி 90 நாளுக்குள் எடுக்காவிட்டால் கைவிட்ட சரக்காகக் கணக்கில் போய்விடும். ஆகவே எதுவானாலும் 40 சதவீதமாவது முன்பணம் வாங்காமல் துணி வெட்டாதீர்கள். இ.சி.ஜி.சி. காப்பீடு (வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் அரசு நிறுவனத்தின் காப்பீடு) எடுக்கச் சொல்லி என் வங்கி மேனேஜர் இரண்டு முறை சொன்னார். பிரீமியம் மிச்சம் என்று விட்டேன். எடுக்கப் போயிருந்தால் அவர்கள் அந்த வாங்குபவரை விசாரித்திருப்பார்கள். அந்த விசாரணையே என்னைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகஸ்டில் தூத்துக்குடியில் இருந்து சரக்கு ஏறியது. அக்டோபரில் ஆவணம் எடுத்துக்கொண்டார். நவம்பரில் பணம் வர வேண்டும். வரவில்லை. முதலில், தேர்தல் நேரம், டாலர் ஏறிவிட்டது என்றார். தேர்தல் உண்மைதான். இரண்டாம் சுற்றில் தோற்ற ஃபெர்னாண்டோ ஹடாட் என்பவரின் அப்பாவே லெபனானில் இருந்து வந்து அதே மார்ச் 25 தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். அப்போது நாட்டின் ஜனாதிபதியாக இருந்த மிஷெல் டெமெரும் லெபனானில் இருந்து வந்தவர்களின் மகன். செய்தியில் இதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளோட இனத்தார் எல்லாம் எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறார்கள், 28,000 டாலருக்காகவா ஏமாற்றப் போகிறார்?" என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கு அளவில்லை. டிசம்பரில் பதில் நின்றது. ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். இந்தப் பக்கம் வங்கி, ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் வர வேண்டும் என்று அப்போது இருந்த விதியைக் காட்டிக் கடிதம் அனுப்ப ஆரம்பித்தது. நூல் மில்லுக்குப் பாக்கி, தையல்காரர்களுக்குக் கூலி. மனைவியின் நகை வங்கிக்குப் போனது. தூக்கம் போனது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஊரில் கடன் கிடைக்காது.

2019 பிப்ரவரி 25 மறுபடி இறங்கினேன், தனியாக. இன்னொரு தப்பு: அந்த வருஷம் கார்னிவல் மார்ச் 5. அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே வக்கீல் கிடையாது, அதிகாரி கிடையாது, எல்லோரும் 'கார்னிவல் முடியட்டும்' என்றார்கள். பத்து நாள் ஹோட்டல் வாடகை வீண். பிரேசிலில் பண வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கார்னிவல் தேதியைப் பாருங்கள். அது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

கடைக்குப் போனேன். பலகை அப்படியே இருந்தது, '1931 முதல்'. உள்ளே செல்போன் உறையும் கார்னிவல் முகமூடியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டுத் தம்பியிடம் கத்தினேன். "பாக்கி மொத்தமும் போச்சுடா, வசூல் பண்ண ஆளே இல்லை..." தோளில் ஒரு கை விழுந்தது. அந்தப் பெரியவர். என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, "பாக்கி?" என்று கேட்டார். அரபியில் பாக்கி என்றால் மீதி. நம் பாக்கி அங்கிருந்து வந்ததுதான், வசூலும் அப்படியே. போர்ச்சுகீசியம் தெரியாத எனக்கும் ஆங்கிலம் தெரியாத அவருக்கும் நடுவில் ஓடிய முதல் சொல் அது. கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போனார். பேத்தி வரும் வரை இருவரும் பேசாமல் காபி குடித்தோம். இடையில் என் சாம்பிள் டவலைக் காட்டி "தோவாலியா" என்றார். துவாலை! நானே தயாரிக்கும் பொருளின் பெயர் போர்ச்சுகீசியம் என்று கரூர்க்காரனுக்கு சாவோ பாலோவில் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பேத்தி வந்து ஒரே கேள்வி கேட்டாள்: "அவர்களுடைய சி.என்.பி.ஜே. எண் பார்த்தீர்களா?" அது அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள பதிவு எண். என் இன்வாய்ஸிலேயே இருந்தது. வரித் துறை இணையதளத்தில் எண்ணைப் போட்டால் இலவசமாக எல்லாம் வந்துவிடும்: கம்பெனியின் உண்மைப் பெயர், தொடங்கிய தேதி, மூலதனம், பங்குதாரர்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பெனி தொடங்கியது 2017 அக்டோபர். மூலதனம் 10,000 பிரேசில் ரியால். பங்குதாரர் இருவர், இருவர் பெயரிலும் அரபு வாடையே இல்லை. பலகையில் இருந்தது கடையின் வணிகப் பெயர் மட்டும். '1931' குடும்பத்தின் பிள்ளைகள் ஒருவர் டாக்டர், ஒருவர் வக்கீல். கடையைப் பெயரோடு விற்றுவிட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டதாம். தெருவில் பாதிக் கடை அப்படித்தான் என்றார் பெரியவர். கொரியர், சீனர் என்று யார் யாரோ வந்துவிட்டார்கள், பழைய பலகையை இறக்காமல் வைத்திருக்கிறார்கள், அதற்கு மதிப்பு இருக்கிறது அல்லவா? பலகை தாத்தாக்களின் கதை, எண்தான் இன்றைய ஆள். இணையத்திலேயே கடன் தவறியவர்கள் மேல் நோட்டரி அலுவலகங்களில் பதிவான புகார்களையும் இலவசமாகத் தேடலாம். அந்தக் கம்பெனி மேல் ஏற்கெனவே நான்கு இருந்தன, மூன்று நான் சரக்கு அனுப்புவதற்கு முன்னால் பதிவானவை.

அடுத்த பத்து நாள் வேறு வேலை இல்லாததால் பெரியவர் கடையில்தான் இருந்தேன். அங்கே கிடைத்ததை எழுதாமல் விட மனமில்லை. அவருடைய தாத்தா 1912-இல் பெய்ரூட்டில் கப்பலேறி, மார்செய் வழியாக சாண்டோஸில் இறங்கியவர். மொழி தெரியாது, நிலம் இல்லை. முதுகில் பெட்டி கட்டிக்கொண்டு காபித் தோட்டம் தோட்டமாக நூல், ஊசி, பட்டன், துணி விற்றிருக்கிறார். அப்படித் திரிகிற வியாபாரிக்கு அங்கே 'மஸ்காத்தே' என்று பெயர்; ஓமன் நாட்டு மஸ்கட்டின் பெயரில் இருந்து வந்த சொல் என்கிறார்கள். தோட்டத் தொழிலாளிகளுக்கு அறுவடை வரை கடன். பேத்தி தாத்தாவின் நோட்டு ஒன்றைக் காட்டினாள், அரபியில், மை மங்கி. வாடிக்கையாளர் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையாததால் அடையாளம்தான் எழுதி வைத்திருக்கிறார்: 'கிணற்றடி வீட்டு விதவை', 'இரட்டைப் பிள்ளைக்காரி', 'சிவப்புக் கழுதை வைத்திருப்பவர்'. என் தாத்தா கரூர் ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாலக்காடு பக்கம் தவணைக்கு விற்றவர். அவருடைய நோட்டிலும் 'மாடி வீட்டு சேச்சி', 'ஆனைக்காரன் பெண்டாட்டி' என்றுதான் இருக்கும். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடன் கொடுத்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வசூல் செய்யும் தூரத்தில் கொடுக்க வேண்டும் என்பது இரண்டு தாத்தாக்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் இபிரங்கா பகுதிக்குக் கூட்டிப் போய் ஜாஃபெட் குடும்பத்தாரின் பழைய மாளிகைகளைக் காட்டினார். மார்ச் 25-இல் கடையாக ஆரம்பித்து, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்கே பெரிய நூற்பு, நெசவு மில்லே கட்டியவர்கள். அந்தக் குடும்பத்துப் பெண்மணி அட்மா ஜாஃபெட்டும் அவர் தோழிகளும் 1921-இல் ஒரு சங்கம் தொடங்கிக் காசு சேர்த்ததுதான் இன்றைக்கு ஜனாதிபதிகள் போய்ப் படுக்கும் சிரியோ-லிபானெஸ் மருத்துவமனை. கட்டடம் எழும்பிய பிறகு அரசு அதை ராணுவப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, பல வருஷம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. 1965-இல்தான் மருத்துவமனையாக நடக்கத் தொடங்கியது. "நாங்கள் 40 வருஷம் பொறுத்தோம், நீ 4 மாதத்தில் அழுகிறாய்" என்றார் பெரியவர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. அவருக்கு நூல் மில்காரர் போன் செய்யவில்லை அல்லவா?

கார்னிவல் முடிந்து வக்கீல் கிடைத்தார். வழக்குப் போட வேண்டுமானால் நம் இன்வாய்ஸ், கப்பல் ரசீது எல்லாம் அங்கே அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் போர்ச்சுகீசியத்தில் வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். வக்கீலுக்கான அதிகாரப் பத்திரத்தில் அப்போஸ்டில் முத்திரை (பத்திரம் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்று) வேண்டும். ஊரில் இருந்தபோதே வெளியுறவுத் துறையில் வாங்கியிருந்தால் ஒரு மாதம் மிச்சம். பிரேசிலில் சொத்து இல்லாத வெளிநாட்டுக்காரர் வழக்குப் போட்டால், தோற்றால் செலவு கொடுப்பதற்கு நீதிமன்றம் முன்கூட்டியே பிணைத் தொகை கேட்கலாம். இதையெல்லாம் கேட்டதும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டேன். வக்கீல் நோட்டீஸ் போனதும் முதலாளி வெளியே வந்தார். முதலில் அந்த இழுப்பறைக் காசோலைகளையே நீட்டினார். வேண்டாம் என்று வக்கீல் அடித்துச் சொன்னார்: மூன்றாம் ஆள் காசோலை, பாதி ஏற்கெனவே பணமில்லை என்று திரும்பி வந்தது, பின்பக்கம் வங்கி முத்திரையில் 11 என்ற எண் இருக்கும், பாருங்கள் என்றார். பார்த்தேன், இருந்தது. கடைசியில் 14,000 டாலர், நான்கு தவணை. இரண்டு வந்தது. வக்கீலுக்கு 20 சதவீதம் போக என் கைக்கு 5,600. மூன்றாவது தவணை இன்றுவரை வரவில்லை, இனி வராது. 22,800 டாலர், அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 16 லட்சம் ரூபாய். இரண்டாம் பயணச் செலவு இரண்டரை லட்சம் தனி. நகையை மீட்க மூன்று வருஷம் ஆனது.

ஏமாற்றியவரை எனக்கு லெபனான்காரர் என்று அறிமுகம் செய்த ஏஜென்ட் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல்தான் அதிகம். பெரியவரின் 12 சதவீதத்தைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேனே, 'அந்த இனமே இப்படித்தான் பேரம் பேசும்' என்று டைரியில்கூட எழுதியிருக்கிறேன். அந்த 12 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் பாதிப் பணம் நான் துணி வெட்டும் முன்னாலேயே வந்திருக்கும்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று விடைபெறப் போனேன். பேத்தி ஒரு தாளை நீட்டினாள். கிச்சன் டவல், வெள்ளை, 600 டஜன், முழுப் பணமும் முன்னாலேயே. கண் கலங்கிவிட்டது. பெரியவர் விரலைத் தூக்கினார். விலை மட்டும் இந்த முறை 15 சதவீதம் குறைக்க வேண்டுமாம்.